உங்களுக்குத் தெரியுமா? இமை மூடித் தூங்கும் சிறுத்தைப் பல்லி

கலசப்பாக்கத்தில் பல்லி இல்லாத வீடு இல்லை. அது தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் பலன் தேடிப் பழகியவர்கள் நாம். உலகின் பல நாடுகளில் பல்லியைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துத் தீனி போட்டு வளர்க்கிறார்கள். குஞ்சும் பொரிக்க வைக்கிறார்கள். அப்படி வளர்க்கப்படுபவற்றில் மிகவும் பெயர் பெற்றது சிறுத்தைப் பல்லி. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள், தடித்த வால், சிரிப்பது போன்ற வாய். நம் ஊர் இளைஞர்களுக்கும் அதன்மேல் ஆசை வந்திருக்கிறது. வாங்கும் முன் அதைப் பற்றித் தெரிந்துகொள்வதுதான் அந்த உயிருக்கு நாம் காட்டும் முதல் அக்கறை.

பிறந்த மண்

● அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லட்சக்கணக்கில் பெருகிவிட்டாலும், சிறுத்தைப் பல்லியின் பூர்வீகம் நம் துணைக்கண்டம்தான். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட பாறை நிலங்களில் அது வாழ்கிறது. கல்கத்தாவில் ஆசியவியல் கழக அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளைத் 1854-இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அவர் கைக்கு வந்த மாதிரி, பஞ்சாபின் உப்பு மலைத்தொடரில் கிடைத்தது.

● இந்தியாவில் சிறுத்தைப் பல்லி ஒரே ஓர் இனமல்ல. கிழக்கு மாநிலங்களில் வாழும் இனத்துக்கு 1827-இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். மகாராஷ்டிரம், குஜராத் பக்கம் இன்னொன்று. சாத்பூரா மலைப்பகுதிக்கென்று தனி இனம் உண்டு என்பது 2014-இல் தெரியவந்தது.

● இந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்தது நமக்கு அண்டை மாநிலத்தில். விசாகப்பட்டினத்துப் பக்கத்துப் பல்லி தனி இனம் என்று 2022-இல் ஜீஷான் மிர்ஸா, ஞானேஸ்வர் என்ற இரு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஞானேஸ்வர் மாமல்லபுரம் அருகே உள்ள சென்னை முதலைப் பண்ணையைச் சேர்ந்தவர். கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பெருநகரத்தின் பக்கத்திலேயே இத்தனை காலம் தனி இனமென்று அறியப்படாமல் ஒரு பல்லி இருந்திருக்கிறது!

● அந்தப் பல்லிக்கு இரண்டு ஆபத்துகள் என்று அவர்கள் சொன்னார்கள். விஷப் பிராணி என்று பயந்து பார்த்த இடத்திலேயே அடித்துக் கொல்வது ஒன்று. விற்பனைக்காகப் பிடித்துச் செல்வது மற்றொன்று. முதலாவது அச்சத்தால் வருவது, இரண்டாவது ஆசையால் வருவது. இரண்டிலும் இழப்பு பல்லிக்குத்தான்.

● சிறுத்தைப் பல்லிக்கு விஷம் கிடையாது. வீட்டுப் பல்லிக்கும் கிடையாது. ஆனால் பல்லி, ஆமை, பாம்பு போன்றவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். பல்லி விழுந்த சாப்பாட்டைக் கொட்டிவிடச் சொல்வது இதனால் சரியான பழக்கமே. வளர்ப்பவர்கள் ஒவ்வொரு முறை தொட்ட பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் பல்லியைக் கொடுக்கக் கூடாது.

உடம்பின் அதிசயம்

● சுவரில் இருக்கும் பல்லி கண்ணை மூடிப் பார்த்திருக்கிறீர்களா? மூட முடியாது, அதற்கு அசையும் இமை இல்லை. கண்ணைத் தூசு மறைத்தால் நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லிக்கு மேலும் கீழும் இமைகள் உண்டு. கண் சிமிட்டும்; மூடிக்கொண்டு தூங்கும்.

● வீட்டுப் பல்லியின் விரலடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருப்பதால் அது கூரையிலும் தலைகீழாக ஓடுகிறது. சிறுத்தைப் பல்லிக்கு அந்த அமைப்பு இல்லை, வெறும் நகங்கள்தான். வழுவழுப்பான கண்ணாடியில் ஏறாது. உயரமான தொட்டியைவிட நீளமும் அகலமும் உள்ள தொட்டியே அதற்கு ஏற்றது.

● அதன் வால் ஒரு குதிர். நல்ல காலத்தில் தின்றதைக் கொழுப்பாக வாலில் சேர்த்துவைத்து, இரை கிடைக்காத நாட்களில் அதில் வாழும். வால் கழுத்தளவு தடிமனாக இருந்தால் பல்லி நலம். குச்சியாக மெலிந்தால் குடல் ஒட்டுண்ணியோ வேறு நோயோ இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

● ஆபத்து வந்தால் வாலை உதிர்த்துவிட்டு ஓடும். புதிய வால் முளைக்கும், ஆனால் உள்ளே பழைய முள்ளெலும்பு திரும்பி வராது. அந்த இடத்தில் குருத்தெலும்புக் குழல் ஒன்றுதான் வளரும். வடிவமும் பழையபடி இருக்காது. வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பது வளர்ப்பவர்கள் கற்கும் முதல் பாடம்.

● நமக்குப் பற்கள் ஒரே ஒரு முறைதான் விழுந்து முளைக்கும். இதற்கு வாழ்நாள் முழுவதும் விழுந்து விழுந்து முளைக்கும். சுமார் 100 பற்கள். ஒவ்வொன்றும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகிறது. பல் முளைப்பதை ஆராயும் விஞ்ஞானிகள் இதைத் தங்கள் ஆய்வகங்களில் வளர்க்கிறார்கள்.

● குஞ்சு பொரிந்து வரும்போது எடை சுமார் 3 கிராம். உடம்பில் புள்ளியே இருக்காது, கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக இருக்கும். வளர வளரப் பட்டைகள் உடைந்து புள்ளிகளாகும். முழு வளர்ச்சியில் நீளம் 20 முதல் 25 சென்டிமீட்டர்.

● நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். பத்தாம் வகுப்பில் ஆசைப்பட்டு வாங்கும் பிள்ளை வேலைக்குப் போய், கல்யாணமாகி, தன் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போதும் அந்தப் பல்லி உயிரோடு இருக்கும். கல்லூரி விடுதிக்குப் போன பிறகு யார் தீனி வைப்பார்கள் என்பதை வாங்கும் அன்றே வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டும்.

தொட்டியும் தீனியும்

● வெளிநாட்டு வளர்ப்பு நூல்களில் பெரும்பகுதி, பல்லிக்கு எப்படிச் சூடு தருவது என்பதைப் பற்றியே இருக்கும். நம் பக்கத்தில் கவலையே வேறு. தொட்டியின் ஒரு முனையில் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸும், மறுமுனை 25 டிகிரி அளவும் இருக்க வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தொடும் திருவண்ணாமலை மாவட்டத்தில், மாடி அறையில் வைத்த மூடிய தொட்டி பல்லியைக் கொன்றுவிடும். கீழ்த்தளத்தில் வெயில் விழாத, காற்றோட்டமான அறைதான் அதற்குச் சரி. மார்கழி இரவுகளில் மட்டும் அடியில் சூட்டுப் பட்டை வேண்டியிருக்கும். அதையும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இணைக்கக் கூடாது.

● பாலைவனப் பிராணி என்று நினைத்துத் தொட்டியில் மணல் கொட்டுவது பரவலான தவறு. அது வாழ்வது இறுகிய மண்ணும் கல்லும் கலந்த நிலத்தில். இரையோடு மணலையும் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்; குஞ்சுகளுக்கு இது உயிராபத்து. காகிதத் துண்டு விரிப்பதே எளிமை, சுத்தமும்கூட.

● ஒளிந்துகொள்ள இடம் இல்லாத சிறுத்தைப் பல்லி சரியாக இரை எடுக்காது. சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று, ஈரப்பதமான மறைவிடம் ஒன்று என மூன்று வேண்டும். ஈர மறைவிடம் தோல் உரிக்க உதவும். ஈரம் போதாவிட்டால் விரல்களில் பழைய தோல் வளையமாக இறுகி, ரத்த ஓட்டம் நின்று விரலே உதிர்ந்துபோகும்.

● உரித்த தோலைத் தானே தின்றுவிடும். ‘என் பல்லி தோலே உரிப்பதில்லையே’ என்று புதிதாக வளர்ப்பவர்கள் கவலைப்படுவதற்கு இதுவே காரணம்.

● பெரும்பாலும் தொட்டியின் ஒரே மூலையில்தான் எச்சமிடும். அந்த மூலையில் விரித்த காகிதத்தை மாற்றினாலே பாதிச் சுத்தம் முடிந்தது.

● கீரை, பழம், சோறு எதையும் தொடாது. உயிருள்ள பூச்சிதான் உணவு. சுவர்க்கோழி, மாவுப்புழு, டூபியா கரப்பான் ஆகியவற்றை இதற்கென்றே தனியாக வளர்க்கிறார்கள். பல்லி வளர்ப்பவர் பூச்சி வளர்ப்பவராகவும் ஆக வேண்டும். வீட்டுக் கரப்பானையோ வயல் வெட்டுக்கிளியையோ பிடித்துப் போடக் கூடாது, பூச்சிமருந்து அதன் வழியாகப் பல்லிக்குள் போய்விடும்.

● ஆரணிப் பட்டுக்கு நூல் தரும் அதே பட்டுப்புழு, வெளிநாடுகளில் பல்லிகளின் விருந்து! மென்மையான உடம்பும் குறைந்த கொழுப்பும் கொண்ட இந்தப் புழுவை ஊர்வன வளர்ப்பவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம் ஊர்த் தறிகளில் ஓடும் நூலுக்கும் அவர்கள் தொட்டியில் நெளியும் புழுவுக்கும் ஆதாரம் மல்பெரி இலைதான்.

● பெரும்பாலான தீனிப் பூச்சிகளில் பாஸ்பரஸ் கூடுதல், கால்சியம் குறைவு. ஆகவே கால்சியம் தூளைப் பூச்சிமேல் தூவிக் கொடுக்க வேண்டும். அதை உடம்பு ஏற்க வைட்டமின் டி3-யும் தேவை. தவறினால் எலும்பு ரப்பர் போல வளைந்து, தாடை தளர்ந்துவிடும். வளர்ப்புப் பல்லிகளை அதிகம் வதைக்கும் இந்த நோய் முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடியது.

முட்டையும் குஞ்சும்

● இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் ரத்தக்காயம் வரைக்கும் சண்டை போடும். ஆணை அடையாளம் காண, பின்கால்களுக்கு நடுவே பார்க்க வேண்டும்: தலைகீழ் V வடிவில் மெழுகுத் துளைகளின் வரிசையும், வாலடியில் இரு புடைப்புகளும் இருக்கும். பெண்ணை உணர்ந்ததும் ஆண் தன் வால் நுனியைப் படபடவென்று அதிரவைக்கும். காகித விரிப்பில் அந்த ஓசை தெளிவாகக் கேட்கும்.

● வீட்டுப் பல்லியின் முட்டை சின்னஞ்சிறு கோழிமுட்டை போல ஓடு கெட்டியானது. சிறுத்தைப் பல்லியின் முட்டை தோல் போல மெத்தென்றிருக்கும். சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பெருக்கும். ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டைகள். ஒருமுறை இணை சேர்ந்த பெண், விந்தணுவை உடம்பில் சேமித்து வைத்து, ஒரே பருவத்தில் பல ஈடுகள் இடும்.

● கோழி தன் முட்டையை உருட்டி உருட்டி அடைகாக்கும். பல்லி முட்டையை உருட்டவே கூடாது. உள்ளே கரு மேல்பக்கம் ஒட்டிய பிறகு புரட்டினால் செத்துவிடும். முட்டையை எடுக்கும்போதே மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அதே நிலையில் வெர்மிகுலைட் என்ற ஈரமான தாதுத் துகள்களில் பதித்துவிட வேண்டும்.

● ஆணா பெண்ணா என்பதை நமக்கு குரோமோசோம் தீர்மானிக்கிறது. சிறுத்தைப் பல்லிக்குத் தீர்மானிப்பது முட்டை இருக்கும் இடத்தின் வெப்பம்! 26 டிகிரியில் ஏறக்குறைய எல்லாமே பெண். 32.5 டிகிரியில் பெரும்பாலும் ஆண். இன்னும் சூடேறி 34 டிகிரியைத் தாண்டினால் மறுபடியும் பெரும்பாலும் பெண். ஆறரை டிகிரி வித்தியாசத்தில் ஒரு தலைமுறையே மாறிவிடுகிறது.

● இந்த அறிவியலில் தமிழ்நாட்டுக்கும் இடம் உண்டு. 1976-இல் ராமுலஸ் விட்டேக்கரும் அவர் துணைவியார் ஜாயும் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையின் சதுப்பு முதலைகளை ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் ஆகியோர் ஆராய்ந்து 1989-இல் முடிவை வெளியிட்டார்கள். 31 டிகிரியிலும் அதற்குக் கீழும் பெண் குட்டிகளே, 32.5 டிகிரியில் ஆண் குட்டிகள். இரண்டு டிகிரி கூடினால் ஓர் ஆற்றின் முதலைக் கூட்டத்தில் ஆண் பெண் கணக்கே மாறும். புவி வெப்பமாவதைக் கண்டு ஊர்வன ஆய்வாளர்கள் இவ்வளவு கவலைப்படுவது ஏன் என்பது இதில் விளங்கும்.

● முட்டையின் வெப்பம் குணத்தையும் தொடுகிறது. சூடான முட்டையில் இருந்து வந்த பெண் பல்லி, குளிர்ந்த முட்டையில் இருந்து வந்த பெண்ணைவிடச் சண்டைக்காரியாக இருப்பதை அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் க்ரூஸ் குழுவினர் பல ஆண்டு ஆய்வில் கண்டார்கள்.

● பொரிந்த குஞ்சு தீனியைத் தொடாவிட்டால் பதற வேண்டாம். வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சம் இருக்கும். சில நாளில் முதல் தோலை உரித்த பிறகுதான் இரையைத் துரத்தும்.

நிறமும் நோயும்

● வெள்ளை, ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள் என்று வளர்ப்பாளர்கள் பல நிறவகைகளை உருவாக்கியிருக்கிறார்கள். வெளிறிய ‘அல்பினோ’வில் மட்டும் ட்ரெம்பர், ரெயின்வாட்டர், பெல் என்று மூன்று வம்சங்கள். மூன்றிலும் பழுதானது வேறு வேறு மரபணு. ஒரு வம்சத்து அல்பினோவை இன்னொரு வம்சத்து அல்பினோவோடு சேர்த்தால் குஞ்சுகள் சாதாரண நிறத்திலேயே பிறக்கும்.

● ‘லெமன் ஃப்ராஸ்ட்’ என்ற நிறவகை அமெரிக்காவில் பிறந்தது. பளபளக்கும் மஞ்சள், பெரிய விலை. சில காலத்தில் அவற்றின் தோலில் வெள்ளைக் கட்டிகள் கிளம்பின. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லோங்ஹுவா குவோ, லியோனிட் க்ருக்லியாக் குழு ஆராய்ந்து 2021-இல் காரணத்தைச் சொன்னது: ஸ்பின்ட்1 என்ற மரபணுவின் பழுது. மஞ்சளுக்குப் பளபளப்பு தந்த அதே பழுதுதான் நிறச்செல்களைக் கட்டியாகவும் பெருக்குகிறது. இந்த நிறவகையில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றுக்குக் கட்டி வருகிறது. அந்த ஆய்வு, மனிதரின் மெலனோமா புற்றுநோயைப் புரிந்துகொள்ள ஒரு வழியைத் திறந்திருக்கிறது.

● ‘எனிக்மா’ என்ற நிறவகை இன்னும் வேதனையானது. தலை சாயும், நின்ற இடத்திலேயே சுற்றும், இரையைக் குறிவைத்துக் கவ்வ முடியாமல் தவிக்கும். அழகென்று பார்த்து வாங்கியவர்கள் நரம்புக் கோளாறைத்தான் வாங்கினார்கள். பெற்றோர் இரண்டும் நலமா என்று கேட்ட பிறகே நிறத்தைப் பார்க்க வேண்டும்.

சட்டமும் மலையும்

● காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. காட்டுயிர்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களுக்கென்று அதில் தனி அட்டவணை வந்தது. அப்படிப்பட்ட உயிரை வைத்திருப்பவர் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகள் வெளியாயின. பிறப்பையும் இறப்பையும் கைமாற்றத்தையும்கூடத் தெரிவிக்க வேண்டும். எந்த ஊர்வனவாக இருந்தாலும், காசு கொடுக்கும் முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது நல்லது. பிறந்த இடத்துக்கு ஆவணம் காட்டாத விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம்.

● பாங்காக்கில் இருந்து வரும் விமானங்களில் பெட்டிக்குள் பாம்பு, பல்லி, ஆமைகளை அடைத்துக் கொண்டுவந்தவர்கள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கிறார்கள். காற்றும் நீரும் இல்லாத பயணத்தில் பல உயிர்கள் வழியிலேயே மடிகின்றன. மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவரும் அந்தச் சாவில் பங்காளி.

● வடகிழக்கு மாநிலங்களில் ‘டோக்கே’ என்று கூவும் பெரிய பல்லி ஒன்று உண்டு. எய்ட்ஸைக் குணமாக்கும் என்ற பொய்யை நம்பி அதை ஏராளமாகப் பிடித்துக் கடத்தினார்கள். அப்படி ஒரு குணம் அதற்கு இல்லை. 2019-இல் சைட்டிஸ் உடன்படிக்கை அதன் உலக வணிகத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

● கலசப்பாக்கத்துக்காரர்கள் பெருமைப்பட ஒரு பல்லி இருக்கிறது: தங்கப் பல்லி. வன அதிகாரி ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் 1870-இல் அதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். அவருக்கு அது கிடைத்தது திருப்பத்தூர் மலையில். நமக்கு மேற்கே நிற்கும் ஜவ்வாது மலையும் அந்த வட்டாரம்தான். பிறகு பல காலம் யார் கண்ணிலும் படாமல், ஆந்திரத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலையில் மீண்டும் கிடைத்ததாக 1986-இல் செய்தி வந்தது. ஆணின் உடம்பு பொன் மஞ்சள். குளிர்ந்த பாறை இடுக்குகளில் வாழும். பல பெண்கள் ஒரே பாறையில் முட்டைகளைக் கூட்டம் கூட்டமாக ஒட்டிவைக்கும். அப்படி ஒரு பாறையை உடைத்தால் ஒரு தலைமுறையே போய்விடும். சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது. பிடிப்பதும் வளர்ப்பதும் கடுங்குற்றம். மலையேறும்போது கண்டால் தள்ளி நின்று பாருங்கள். இருக்கும் இடத்தைப் படத்தோடு ஊரெல்லாம் அறிவிக்காதீர்கள், பிடிக்கிறவர்களும் அதைப் படிப்பார்கள்.

● கடைசியாக ஒரு கணக்கு. ஒரு பெண் சிறுத்தைப் பல்லி ஒரு பருவத்தில் ஆறு ஈடு இட்டால் 12 குஞ்சுகள். ஒன்றுக்கு 15 ஆண்டு என்றால் 180 ஆண்டுப் பராமரிப்பு. வளர்ந்த ஆண் ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டி வேண்டும்; எல்லாவற்றுக்கும் உயிருள்ள தீனி வேண்டும். விற்க முடியாமல் வயல்வெளியில் விட்டுவிடுவது அவற்றுக்குச் செய்யும் துரோகம். நம் மண்ணின் பல்லிகளுக்கும் புதிய நோய் தொற்றலாம். ஆகவே ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விடும் முன், பொரியப்போகும் 12 குஞ்சுகளையும் ஏற்க முன்வரும் 12 வீடுகளின் பட்டியலை எழுதுங்கள். பட்டியல் நிறையவில்லை என்றால் முட்டை வேண்டாம். இருக்கும் ஒன்றை நன்றாக வளர்த்தாலே போதும்.